பதற்றமான நாளிலும் தாங்கும் சிறு பழக்கங்கள்: ஓர் எளிய விளக்கம்

மனம் தெளிவாக இருக்கும் ஏதோ ஒரு மாலையில்தான் நம்மில் பெரும்பாலோர் புதிய பழக்கங்களைத் திட்டமிடுகிறோம். நாளை முதல் அதிகாலையில் எழுவது, அரை மணி நேரம் நடப்பது, இருபது நிமிடம் தியானம் செய்வது, இரவில் கைப்பேசியைத் தொடாமல் இருப்பது என்று நான்கைந்து வரிகளை ஒரு தாளில் எழுதி முடிக்கும்போதே பாதி வேலை நடந்துவிட்டதைப் போன்ற நிம்மதி பிறந்துவிடுகிறது. இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மூன்றாம் நாள் காலையில் காரணம் புரியாத ஒரு படபடப்போடு விழிப்பு வருகிறது, வயிற்றைப் பிசைகிறது, எழுந்து உட்காருவதே பெரும்பாடாக இருக்கிறது. அன்றைக்கு அந்தத் தாளில் உள்ள ஒரு வரியும் நடப்பதில்லை. அடுத்த நாள் அந்தத் தாளைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஆரம்ப சூரத்தனம் என்று பிறர் சொல்வதற்கு முன்பே நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இதை மன உறுதியின் குறை என்று எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து. குறை திட்டத்தின் அளவில் இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, கவலை எதுவும் தொல்லை செய்யாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் அதை எழுதினார். அதைச் செய்ய வேண்டிய காலையில் படுக்கையில் கிடந்தவரோ ஏறத்தாழ வேறு ஆள். பதற்றத்தோடு வாழ்பவர்கள் ஒரு பழக்கத்தை அமைக்கும்போது, தம்முடைய நல்ல நாளை மறந்துவிட்டு, மிக மோசமான நாளை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் அப்படி என்று விளங்கிக்கொள்ள, பதற்றமும் பழக்கமும் தனித்தனியே எப்படி இயங்குகின்றன என்பதையும், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பதற்றம் என்ன செய்கிறது?

பயம் கண்முன் நிற்கும் ஆபத்தைப் பற்றியது. பதற்றம் இனிமேல் வரக்கூடும் என்று மனம் கணிக்கும் ஆபத்தைப் பற்றியது. நாய் துரத்தும்போது வருவது பயம். நாளைக் காலையிலும் அந்தத் தெரு வழியாகத்தானே போக வேண்டும் என்று இன்றிரவே படுக்கையில் புரள வைப்பது பதற்றம். உடலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான் உண்டு. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் விவரித்த, எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் எதிர்வினை அது: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைவாகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. துரத்துவதற்கு உண்மையிலேயே ஒரு நாய் இருக்கும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கிறது. எதிரில் எதுவும் இல்லாதபோது, இதே ஏற்பாட்டைச் சுமந்துகொண்டு ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்கார வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

அப்போது கவனம் ஆபத்தின் பக்கமே ஒட்டிக்கொள்கிறது. மனத்தின் ஒரு பகுதி ‘ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்?’ என்ற கேள்வியோடு ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால், யோசித்து முடிவெடுப்பது, வேலைகளை வரிசைப்படுத்துவது, ஒன்றைத் தொடங்குவது போன்றவற்றுக்கு மிஞ்சும் இடம் குறைந்துவிடுகிறது. புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்குவதற்குத் தேவைப்படுவதும் அதே இடம்தான்.

பழக்கம் எப்படிப் படிகிறது?

சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லும்போது, திரும்பத் திரும்பச் செய்து பெறும் தேர்ச்சியை நாம் நினைக்கிறோம். உளவியலில் இந்தச் சொல்லுக்குச் சற்றே குறுகிய பொருள் உண்டு. ஒரே சூழலில் ஒரே செயலைப் பலமுறை செய்யும்போது, அந்தச் சூழலுக்கும் செயலுக்கும் இடையே ஓர் இணைப்பு படிகிறது; பிறகு சூழல் எதிர்ப்பட்டாலே, விரும்ப வேண்டிய அவசியம்கூட இல்லாமல், செயல் தானாகத் தொடங்கிவிடுகிறது. இருட்டான அறைக்குள் நுழைந்ததும் கை சுவிட்சைத் தேடிப் போவது இப்படித்தான். மின்சாரம் இல்லை என்று தெரிந்திருந்தும் கை போகிறது. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் மணிக்கு ஒருமுறை தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று குறித்துவைத்தார்கள். அவர்களுடைய அன்றாடச் செயல்களில் ஏறத்தாழ 43 சதவீதம், அநேகமாக நாள்தோறும் அதே சூழலில் திரும்ப நடப்பவையாக இருந்தன; அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது.

அதே ஆய்வாளர் வேறு இருவருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட இன்னொரு முடிவு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. தேர்வு நெருக்கடியிலோ சுயக்கட்டுப்பாடு களைத்துப்போன நிலையிலோ இருந்தவர்கள், தமக்கு ஏற்கெனவே படிந்திருந்த பழக்கங்களின் மீது மேலும் அதிகமாகச் சாய்ந்தார்கள். கெட்ட பழக்கத்துக்குத் திரும்புவது எல்லோரும் எதிர்பார்ப்பதே. ஆனால் நல்ல பழக்கம் படிந்திருந்தவர்கள் அந்த நல்ல பழக்கத்துக்கும் அதே அளவு திரும்பினார்கள். நெருக்கடி வரும்போது மனம் தனக்கு மிகவும் பழகிய தடத்தில் இறங்கிக்கொள்கிறது. அந்தத் தடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது பார்ப்பதில்லை. பதற்றம் உள்ள ஒருவர் சிறு பழக்கங்களுக்காக மெனக்கெடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பதற்றமே தனக்கென்று பழக்கங்களை வளர்த்துக்கொள்கிறது. பிரிக்காத ஓர் உறை மேசை மீது கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்ததும் நெஞ்சு ஒருமுறை இடறுகிறது. எடுத்துப் பிரிக்காமல் ஒரு புத்தகத்துக்கு அடியில் தள்ளிவைக்கிறோம். உடனே ஒரு சிறு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் கூலி. சூழல், செயல், கூலி என்று ஒரு பழக்கத்துக்கு வேண்டிய மூன்றும் அந்த ஒரு நொடியில் கூடிவிட்டதால், அடுத்த உறையைத் தள்ளிவைப்பது இன்னும் எளிதாகிறது; பிரிப்பது இன்னும் கடினமாகிறது. தவிர்த்தலால் கிடைக்கும் நிம்மதியே தவிர்த்தலை வளர்க்கிறது என்ற இந்த விளக்கத்தை அமெரிக்க உளவியலாளர் ஹோபர்ட் மௌரர் 1947இல் முன்வைத்தார். பிற்காலத்தில் அது பல வகைகளில் திருத்தப்பட்டிருந்தாலும், தவிர்த்தல் ஏன் இத்தனை விடாப்பிடியானது என்பதற்கு இன்றும் எளிதில் புரியும் விளக்கம் அதுவே. ஆகவே புதிய பழக்கத்தை நாம் வெற்று நிலத்தில் நடுவதில்லை. ஏற்கெனவே வேர் விட்டிருக்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் நடுகிறோம்.

எவ்வளவு சிறியது?

‘சிறியது’ என்றதும் பலர் அரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்கிறார்கள். அது போதாது. கடந்த சில மாதங்களில் மிகவும் மோசமாக இருந்த ஒரு நாளை நினைத்துப்பாருங்கள்: தூக்கம் இல்லாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல், கை கால் ஓடாமல் கிடந்த நாள். அந்த நாளிலும் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டாவது செய்திருக்கக்கூடியது எது? அதுதான் அளவு. நடைப்பயிற்சி என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்புவது. எழுதுவது என்றால் ஒரே ஒரு வரி. மூச்சுப் பயிற்சி என்றால் மூன்று மூச்சு. கேட்பவருக்குச் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறிதாக இருந்தால், ஏறக்குறைய சரியான அளவை எட்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

மூன்று மூச்சினால் பதற்றம் தீருமா என்று கேட்டால், தீராது. முதல் சில வாரங்களில் அந்த மூன்று மூச்சின் வேலை வேறு. குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட செயல் என்ற இணைப்பை நாள் தவறாமல் பதியவைப்பது மட்டுமே அதன் வேலை. இணைப்பு படிந்த பிறகு செயலின் நீளத்தைக் கூட்டுவது கடினமாக இருப்பதில்லை. பெரிதாகத் தொடங்கி வாரத்துக்கு இரண்டு நாள் செய்பவருக்கு அந்த இணைப்பே படிவதில்லை. நல்ல நாளில் வாசலைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் தாராளமாக நடக்கலாம், ஆனால் அன்றைய கணக்கில் வாசல்வரை போனதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டரைக் குறித்துவிட்டால் நாளைய அளவுகோல் சத்தமில்லாமல் ஏறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

எதில் மாட்டுவது?

சட்டையைத் தொங்கவிட ஆணி வேண்டும் என்பதைப் போல, புதிய செயலை மாட்டுவதற்கு ஏற்கெனவே உறுதியாக இருக்கும் ஒரு செயல் வேண்டும். ‘தினமும் காலையில்’ என்பது ஆணி ஆகாது. காலை என்பது மூன்று நான்கு மணி நேரம் நீளும் ஒரு பரப்பு. ‘பல் துலக்கி முடித்ததும்’ என்பது ஆணி. அதையும் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம்: வாய் கொப்பளித்தாயிற்று, தூரிகையை உதறி அதன் இடத்தில் வைத்தாயிற்று, கை இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரக் கையைத் துடைக்கும் துண்டைத் தொட்ட கணத்தில் முதல் மூச்சு. இவ்வளவு துல்லியமாக வரையறுத்தால்தான், யோசிப்பதற்கு இடமே இல்லாத ஒரு காலையில், கை தானாக அந்த இடத்துக்கு வந்து சேரும்.

எப்போது, எங்கே, எப்படி என்பதை ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து வந்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று எண்ணியவர்களைவிட இப்படி முடிவு செய்துகொண்டவர்கள் தம் இலக்கை எட்டுவது குறிப்பிடத்தக்க அளவில் அதிகமாக இருந்தது தெரியவந்தது. முடிவெடுக்கும் சுமையை நெருக்கடி நேரத்திலிருந்து எடுத்து, நிதானமான நேரத்துக்கு மாற்றிவைப்பதே இதன் சூட்சுமம்.

ஆணியைத் தேர்ந்தெடுப்பதில் தொடக்கநிலையில் இருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘பதற்றம் வரும்போது மூச்சுப் பயிற்சி செய்வேன்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதற்றம் எப்போது தொடங்கியது என்பது பல நேரங்களில் அது உச்சத்தை எட்டிய பிறகே தெரிகிறது. அந்த வேளையில் புதிதாகக் கற்ற எதுவும் நினைவுக்கு வருவதில்லை. நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது. முதலில் ஒன்றிரண்டு மாதம் அமைதியான நேரத்தில், ஓர் அன்றாடச் செயலோடு சேர்த்துப் பழகி, கை வந்த பிறகு பதற்றமான நேரத்துக்கு அதை எடுத்துச் செல்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எத்தனை நாளில் படியும்?

21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற கணக்கு உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் தோற்றம் விந்தையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் வெளியான தம் நூலில், முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று தம் அனுபவத்தைக் குறிப்பிட்டார். ‘ஆவது’ என்பது வழியில் எங்கோ உதிர்ந்துபோய், 21 என்பது மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் இதை முறையாக அளந்து பார்த்தார்கள். 2009இல் இணையத்திலும் 2010இல் அச்சிலும் வெளியான அவர்களுடைய ஆய்வில், 96 பேர் தமக்குப் பிடித்த ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் நாள்தோறும் செய்து, அது எவ்வளவு தானாக வருகிறது என்று பதிவு செய்தார்கள். செயல் தன் உச்ச அளவுக்குத் தானாக நடக்கத் தொடங்க ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், பதிவுகளின் போக்கை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடுகள்). எளிய செயல்கள் விரைவாகப் படிந்தன, கடினமானவை இழுத்தடித்தன. நாலாவது வாரத்தில் ‘எனக்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை’ என்று கவலைப்படுபவர் இந்த எண்களைப் பார்த்தால் சற்று ஆறுதல் அடையலாம்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் பதற்றக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படியாகப் பாதிக்கவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதற்றமும் முழுமைக்கான பிடிவாதமும் பெரும்பாலும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. ஒரு நாள் தவறியதும் மனம் ‘எல்லாம் போயிற்று’ என்ற தீர்ப்பை எழுதிவிடுகிறது. மதுப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களிடம் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதையே கண்டார்: ஒரு சறுக்கலைவிட, அந்தச் சறுக்கலுக்கு ஒருவர் தரும் பொருளே அவரைப் பழைய நிலைக்கு இழுத்துச் செல்கிறது. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் கைப்பேசிச் செயலிகளை இதனால்தான் நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. 41 என்று காட்டிய எண் ஒரே இரவில் சுழியமாவதைப் பார்ப்பது, ஏற்கெனவே தன்னைக் குறை சொல்லிக்கொள்ளும் மனத்துக்குக் கூடுதல் ஆதாரம் கொடுப்பதாகும். மாதத்தில் மொத்தம் எத்தனை நாள் செய்தோம் என்று ஒரு சுவர் நாட்காட்டியில் புள்ளி வைத்து வந்தால், தவறிய நாள் ஒரு வெற்றிடமாக மட்டும் இருக்கும். முந்தைய புள்ளிகளை அது அழிக்காது.

எந்தப் பழக்கங்களைத் தேர்வது?

மூச்சிலிருந்து தொடங்கலாம். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடுவதும், வெளிவிடும்போது சற்றே குறைவதும் உடலின் இயல்பு. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக நடக்கும் ஏற்பாடு இது. ஆகவே உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால், உதாரணமாக நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற நிதானமான வேகம் தானாக அமைகிறது. சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அப்படிப்பட்டவர்கள் தம்மை வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். இரண்டு பாதங்களும் தரையில் அழுந்துவதை ஒரு நிமிடம் கவனிப்பதும், கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்வதும் அதற்கு ஈடான தொடக்கங்களே.

உடலை அசைப்பது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கும்போதே, எதுவும் செய்யாமல் இருப்பதைவிடச் சிறிதளவு அசைவும் மேல் என்று சேர்த்துச் சொல்கிறது. அந்த இரண்டாம் பகுதியை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் மதிக்கும் பழக்கம் கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட முறை இது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்காக மட்டும் உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் அதைக் கவனித்து, அந்த அரை மணி நேரத்துக்கு ஒத்திவைக்க வேண்டும். கவலைப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. ‘பிறகு’ என்றால் ஓரளவு கேட்கிறது. கவலை கண்ட இடமெல்லாம் பரவாமல், ஒரு நாற்காலியோடும் ஒரு நேரத்தோடும் மட்டும் இணைந்துவிடுவதே இதன் நோக்கம். முன்னே சொன்ன ஆணியின் தத்துவமே இங்கு மறுபக்கமாக வேலை செய்கிறது.

அரை மணி நேரம் தொடக்கத்தில் அதிகம் என்றால் பத்து நிமிடம் போதும். அதற்கும் முன்பு, வந்த கவலையை ஒரு வரியில் எழுதி மூடிவைப்பதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம். என் நோட்டுப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஒரே நாளில் மூன்று வரிகள் இருக்கின்றன. ‘காலை 9.10: நேற்று அனுப்பிய கடிதத்தில் அந்தச் சொல் அவரைப் புண்படுத்தியிருக்குமோ?’ ‘11.40: கதவைப் பூட்டினேனா?’ ‘2.15: பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லையே.’ மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தபோது, கடிதத்துக்கு இயல்பான ஒரு பதில் வந்திருந்தது. கதவைப் பற்றிய வரியைப் படிக்கும்போது, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவது மட்டும் காலையில் இருந்த அதே கனத்தோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘நாளை பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும்’ என்று எழுதினேன். எழுதிய பிறகும் கவலை போய்விடவில்லை. ஆனால் மூன்று கவலைகளைச் சுமப்பதாக நாள் முழுவதும் நினைத்திருந்த எனக்கு, உண்மையில் ஒன்றுதான் இருக்கிறது என்பது தெரிந்தது.

இரவு நேரத்துக்கும் இதே போன்ற ஒன்று உண்டு. 2018இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு திட்டவட்டமாக இருந்ததோ அவ்வளவு விரைவாகத் தூக்கம் வந்தது. அவர்கள் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் அல்லர், ஆகவே இதை மருந்தாக எண்ண வேண்டாம். ஐந்து நிமிடமும் ஒரு பென்சிலும் மட்டும் கேட்கும் ஒரு பழக்கத்தை முயன்று பார்ப்பதில் இழப்பும் இல்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பழக்கமே பதற்றத்தின் கையாளாகும்போது

பழக்கங்களைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் தொடாமல் விடும் ஓர் ஆபத்து இதில் இருக்கிறது. பதற்றம் மிகுந்த மனம், அமைதிக்காகத் தொடங்கிய ஒரு செயலையே சடங்காக மாற்றிவிடக்கூடியது. மூன்று மூச்சு எடுக்காமல் வீட்டை விட்டு வெளியேறினால் ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்று தோன்றத் தொடங்கினால், அந்த மூச்சு இப்போது பதற்றத்துக்காக வேலை பார்க்கிறது. நடக்காத ஆபத்தைத் தடுத்ததாக மனம் நம்பிக்கொள்ளும் இத்தகைய செயல்களைப் பிரிட்டன் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் விரிவாக எழுதினார். பாதுகாப்பு நடத்தைகள் என்று அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். அடுப்பை அணைத்தோமா என்று ஐந்தாம் முறை பார்ப்பது, ‘என் மேல் கோபம் இல்லையே?’ என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, உடலில் தோன்றும் ஒவ்வொரு வலியையும் இணையத்தில் தேடுவது போன்றவை அவ்வகை. நினைத்த விபரீதம் நடக்காததற்குத் தாம் சரிபார்த்ததே காரணம் என்று மனம் கணக்கெழுதிக்கொள்வதால், சரிபார்க்காமலும் அது நடந்திருக்காது என்பதை அறியும் வாய்ப்பே ஏற்படுவதில்லை.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி உதவும்: இன்று இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ‘ஒன்றும் ஆகாது, நாளை செய்வேன்’ என்று பதில் வந்தால் அது பழக்கம். பதிலுக்குப் பதிலாக வயிற்றில் ஓர் இறுக்கம் வந்தால், அந்தச் செயலை வேண்டுமென்றே ஒரு நாள் விட்டுப்பார்ப்பது நல்லது. காலப்போக்கில் ஒரு நல்ல பழக்கம் நாம் போகும் இடங்களையும் பேசும் ஆட்களையும் அதிகமாக்கும், குறைந்தபட்சம் குறைக்காமலாவது இருக்கும். பாதுகாப்பு நடத்தையோ அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும்.

பழக்கங்கள் போதாதபோது

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 30.1 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தார்கள். தேவைப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அன்றாடப் பதற்றம் வேறு, கோளாறு வேறு. கட்டுப்படுத்த முடியாத கவலை ஆறு மாதத்துக்குப் பெரும்பாலான நாள்களில் நீடிப்பது, தூக்கம் கெடுவது, வேலையோ படிப்போ உறவோ பாதிக்கப்படுவது, திடீர்ப் பீதித் தாக்குதல்கள் வருவது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது; அன்றே ஒருவரிடம் சொல்லி, அன்றே மருத்துவ உதவி பெற வேண்டும். மருத்துவரிடம் போவதில் இன்னொரு பயனும் உண்டு: தைராய்டு சுரப்பி மிகையாக இயங்கினாலும் படபடப்பும் நடுக்கமும் தூக்கமின்மையும் வரும், அதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

அங்கே பெரும்பாலும் உங்களிடம் ஒரு சிறு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். 2006இல் உருவாக்கப்பட்ட ஜிஏடி-7 என்பது பரவலாகப் பயன்படும் ஒன்று. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக ஆராய வேண்டும் என்று பொருள். சிகிச்சையாக, எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழியும் பயிற்சியின் வழியும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ மருந்தோ இரண்டுமோ பரிந்துரைக்கப்படலாம். சிறு பழக்கங்களை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலேயே ஓர் அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் இடையே வீட்டில் செய்ய வேண்டியவை உண்டு, வாசல்வரை நடந்து பழகிய கால்களுக்கு அவை அவ்வளவு புதிதாக இருப்பதில்லை.

முதல் முறை போகும்போது அந்தக் கவலை நோட்டுப்புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ‘எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் அதிகம்?’ என்று மருத்துவர் கேட்கும்போது பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். தேதியும் நேரமும் ஒரு வரியுமாக எழுதப்பட்ட பக்கங்களை அவர் முன் திறந்து வைத்துவிடலாம்.